விமானிகளின் சேவைமூப்பும் நிறுவன இணைப்பும்

உத்தியோகம் எத்துறையைச் சார்ந்ததாயினும் அதில் அமர்ந்தோர் மனத்தில் நீங்காது நிற்கும் வினா ஒன்று உண்டு. தமக்கு முன் நிற்போர் எத்தனை பேர், பின் நிற்போர் எத்தனை பேர் என்பதே அவ்வினா. ஆசிரியர், எழுதுவினைஞர், புகையிரதச் சாரதி, தோட்டத்து உத்தியோகத்தர் ஆகிய யாவரும் இதனை அறிவர். ஆயின் இவ்வொரு வினாவே ஒருவருடைய வருவாய், வாழுமிடம், விடுமுறை நாள், பதவி ஆகிய அனைத்தையும் ஒருங்கே தீர்மானிக்கும் தொழில்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது விமானமோட்டுந் தொழில். இரு விமான நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்படும்போது அவற்றின் விமானிகளிடையே மூளும் பிணக்கு ஏன் பல்லாண்டு கடந்தும் தணியாதிருக்கின்றது என்பதையும், அதனின்றும் ஏனைய தொழிலினர் அறியத்தக்கது யாது என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகரிலிருந்து வெளிநாடு செல்வோர் மலையிறங்கிக் கட்டுநாயக்காவை அடைந்தே விமானம் ஏறுகின்றனர். ஆதலின் விமானிகளின் வழக்கு இவ்வூரவர்க்குத் தொலைவான செய்தி போலத் தோன்றலாம். எனினும் இணைப்பு என்பது கண்டியும் அதன் சூழலும் பன்முறை கண்ட ஒன்றாகும். 1958 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியபோது, அதுவரை வெவ்வேறு பஸ் கொம்பனிகளில் வேலை செய்த சாரதிகளும் நடத்துநர்களும் ஒரே சபையின் ஊழியராயினர். 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசினர் வசமானபோது, பல்வேறு முகாமைகளின் கீழிருந்த ஆசிரியர்கள் ஒரே சேவையினுள் வந்தனர். 1972 ஆம் ஆண்டில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தன. பேராதனை அதன் வளாகங்களுள் ஒன்றாயிற்று. 1978 ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை மீண்டும் பிரித்தது. 1975 ஆம் ஆண்டில் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானமையும் இவ்வகையினதே. இவ்வொவ்வொரு மாற்றத்திலும் பல பட்டியல்கள் ஒரு பட்டியலாக வேண்டியிருந்தன. அவ்வாறு ஒன்றாகும்போது நேரும் இடரை மிகக் கூர்மையாகக் காட்டுவது விமானிகளின் வழக்கே.

சேவைமூப்பின் இயல்பு

விமானி ஒருவர் நிறுவனமொன்றிற் சேரும் நாளில் அவருக்கு ஓர் இலக்கம் வழங்கப்படுகின்றது. பட்டியலின் கடைசியிலே தொடங்கும் அவ்விலக்கம், மேலேயுள்ளோர் இளைப்பாறவும் விலகவும் படிப்படியாக உயர்ந்து செல்லும். தொடக்கத்தில் அவர் துணை விமானியாக வலப்பக்க ஆசனத்தில் அமர்வார். இடப்பக்க ஆசனம் கப்டனுக்குரியது. அவ்வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு உள்ள தூரம் ஒரு முழந்தானும் இராது. ஆயினும் அதனைக் கடக்க ஒருவருக்கு ஐந்தாண்டும் செல்லலாம், பதினைந்தாண்டும் செல்லலாம். சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு மாறுதல், எந்நகரைத் தளமாகக் கொண்டு பறத்தல், எந்நாளில் விடுமுறை பெறுதல் என்பனவும் பெரும்பாலும் அவ்விலக்கத்தையே பொறுத்தனவாம். நிறுவனம் நொடித்து ஆட்குறைப்புச் செய்ய நேரின் கடைசியாக வந்தவரே முதலில் வெளியேறுவார்.

திறமையை நோக்காது சேர்ந்த நாளை நோக்குதல் முறையாகுமா என்று ஒருவர் வினவலாம். விமானிகள் இதற்கு இறுக்கும் விடை கருதத்தக்கது. பறக்கத் தகுதியற்றவரைப் பட்டியல் காப்பாற்றுவதில்லை. ஆண்டுதோறும் நிகழும் சோதனைகளிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறாதவர் ஆசனத்தை இழப்பார். தேறியவர்களிடையே முறையை வகுக்கும்போது மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடங் கொடாதிருத்தல் பயணிகளின் பாதுகாப்புக்கும் நன்று. காலநிலை சரியில்லை, விமானத்தில் பழுதுண்டு என்று கருதிப் பறக்க மறுக்கும் கப்டன், அம்மறுப்பினால் தமது பதவி உயர்வு தடைப்படுமென்று அஞ்சலாகாது. அவ்வச்சத்தை நீக்குவது சேவைமூப்புப் பட்டியலே.

ஆயின் இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அவ்விலக்கம் தன் நிறுவனத்தின் எல்லைக்குள் மாத்திரமே செல்லுபடியாகும். ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ தமது அனுபவத்தை எடுத்துக்கொண்டு வேறிடஞ் சென்று அதற்கேற்ற பதவி பெறலாம். இருபதாண்டு பறந்த கப்டன் மற்றொரு பெரிய நிறுவனத்திற் சேர்வாராயின் அங்குப் பெரும்பாலும் பட்டியலின் அடியிலேயே நிற்பார். ஆதலின் விமானிக்குத் தம் நிறுவனத்தை விட்டு நீங்குதல் வாழ்நாளின் ஒரு பகுதியை விட்டு நீங்குதலை ஒக்கும். நீங்கவும் இயலாது, உயரவும் இயலாது நிற்கும் நிலையிலேதான் மனக்கசப்புத் தோன்றுகின்றது. அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டு இறுதியில் விமானிகளின் இளைப்பாறும் வயது 60 இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டபோது, மேலேயிருந்தோர் ஐந்தாண்டு பெற்றனர். கீழேயிருந்தோரின் முன்னேற்றம் பல ஆண்டுகள் தடைப்பட்டது. ஒரு விதி மாறியமைக்கே இத்துணை விளைவு எனின், முழுப் பட்டியலும் மாறுமிடத்து நேர்வதைக் கூறவும் வேண்டுமோ?

அளவுகோல்கள்

இரு பட்டியல்களை ஒன்றாக்குதற்குப் பொதுவாக மூன்று வழிகள் கையாளப்பட்டு வந்துள்ளன. முதலாவது, இரு பக்கத்தாரையும் சேவையிற் சேர்ந்த திகதிப்படி நிரைப்படுத்துதல். இரண்டாவது, ஒவ்வொருவரும் தத்தம் பழைய பட்டியலில் எவ்விடத்தில் நின்றாரோ அவ்விகிதத்தைப் புதிய பட்டியலிலும் காத்தல். மூன்றாவது, வாங்கிய நிறுவனத்தின் பட்டியலை அப்படியே வைத்து, வாங்கப்பட்ட நிறுவனத்தாரை அதன் அடியில் ஒட்டிவிடுதல்.

எடுத்துக்காட்டாக, ஒரு பழைய நிறுவனத்தில் 300 விமானிகளும், எட்டாண்டுகளுக்கு முன் தோன்றிய புதிய நிறுவனமொன்றில் 100 விமானிகளும் உள்ளனர் எனக் கொள்வோம். பழைய நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டு சேவையுள்ள ஒருவர் 150 ஆம் இடத்திலே துணை விமானியாக இருக்கின்றார். புதிய நிறுவனம் விரைந்து வளர்ந்தமையால் அங்கு ஆறாண்டு சேவையுள்ள ஒருவர் 20 ஆம் இடத்திலே கப்டனாக இருக்கின்றார். பழைய நிறுவனத்தில் 250 பேர் அக்கப்டனுக்கு முன்னரே சேவையிற் சேர்ந்தவர்கள்.

இப்பொழுது இவ்விருவரின் நிலையை நோக்குக. திகதிமுறைப்படி பழையவர் 150 ஆம் இடத்திலேயே நிற்பார். புதியவரோ 270 ஆம் இடத்துக்கு இறங்கிக் கப்டன் பதவியையும் இழக்கக்கூடும். விகிதமுறைப்படி புதியவர் 400 பேரில் 80 ஆம் இடத்தைப் பெறுவார். பழையவர் 200 ஆம் இடத்துக்குத் தள்ளப்படுவார். புதிய நிறுவனத்தாரை அடியில் ஒட்டின் ஆறாண்டுக் கப்டன் 320 ஆம் இடத்தை அடைவார். மனிதர் மாறவில்லை, அவர்தம் திறமையும் மாறவில்லை. அளவுகோல் ஒன்று மாறியமையால் ஒருவரது எஞ்சிய வாழ்நாளே மாறிவிடுகின்றது.

இதில் யார் கூறுவது நியாயம்? பழையவர், “பன்னிரண்டு ஆண்டு உழைத்த எனக்கு முன் ஆறாண்டு உழைத்தவர் நிற்பதா?” என்பார். புதியவர், “இணைப்பு நேராதிருப்பின் நான் கப்டனாகவே இருந்திருப்பேன், அயலார் வந்தமையால் என் ஆசனத்தை நான் இழப்பதா?” என்பார். முன்னவர் கழிந்த உழைப்பை அளக்கின்றார். பின்னவர் கையிலுள்ள நிலையையும் வருங்கால எதிர்பார்ப்பையும் அளக்கின்றார். இரண்டும் நேரிய அளவுகளே. பொய் கூறுவோன் ஒருவனும் மெய் கூறுவோன் ஒருவனும் வாதிடும் வழக்கு எளிதில் தீரும். இருவரும் மெய் கூறும் வழக்கே தீர்ப்பதற்கு அரியது. விமானிகளின் பிணக்கு இவ்விரண்டாம் வகையினது என்பதை முதற்கண் மனங்கொளல் வேண்டும்.

இம்மூன்று வழிகளின் கடுமையைத் தணிக்க “வேலி” என்னும் ஓர் உபாயமும் உண்டு. குறித்த வகைப் பெரு விமானங்களைக் குறித்த சில ஆண்டுகளுக்கு அவற்றைக் கொணர்ந்த பக்கத்தாரே ஓட்டுவர் என விதித்தலே வேலியாகும். அவ்வாண்டுகள் கழிந்தபின் வேலி நீங்கும்.

இந்தியாவின் வழக்கு

ஜே. ஆர். டி. தாத்தா 1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆந் திகதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலுடன் பறந்தமையே இந்திய விமான சேவையின் தொடக்கமாகக் கூறப்படுகின்றது. அத்தபால் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டது. இலங்கையிலும் எயர் சிலோன் 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே தன் முதற் பயணத்தை நடத்தியது. இந்தியா 1953 ஆம் ஆண்டில் விமான சேவைகளை நாட்டுடைமையாக்கி இரு கூட்டுத்தாபனங்களை நிறுவியது. உள்நாட்டுச் சேவையை நடத்திய எட்டுக் கொம்பனிகள் இந்தியன் எயர்லைன்ஸ் ஆயின. வெளிநாட்டுச் சேவை எயர் இந்தியாவிடம் நின்றது. ஏறத்தாழ ஐம்பத்து நான்கு ஆண்டுகள் இரண்டும் தனித்தனியே இயங்கின. ஒன்றின் விமானிகள் கண்டங்களைக் கடக்கும் பெரு விமானங்களை ஓட்டினர். மற்றதன் விமானிகள் நாட்டினுள்ளும் அண்டை நாடுகளுக்கும் பெரும்பாலும் எயர்பஸ் விமானங்களை ஓட்டினர். அவர்தம் சங்கங்களும் வெவ்வேறு. சம்பளத் திட்டங்களும் வெவ்வேறு. பதவி உயர்வின் வேகமும் வெவ்வேறு.

2007 ஆம் ஆண்டில் இவ்விரு நிறுவனங்களும் ஒரே அரசுக் கொம்பனியாக இணைக்கப்பட்டன. விமானங்களுக்கு ஒரே நிறம் பூசப்பட்டது. பயணச்சீட்டுகளில் ஒரே பெயர் பொறிக்கப்பட்டது. பட்டியல்கள் மாத்திரம் இரண்டாகவே இருந்தன. ஆட்களை இணைக்கும் முறையை வகுக்காது நிறுவனங்களை இணைத்தமையே பின்னர் நேர்ந்த இடர்களுக்கெல்லாம் வித்தாயிற்று எனலாம்.

முதலில் முறையிட்டோர் பழைய இந்தியன் எயர்லைன்ஸ் விமானிகளாவர். ஒரே கொம்பனியில் ஒரே தொழிலைச் செய்யும் தமக்குப் பழைய எயர் இந்தியா விமானிகளுக்குச் சமமான சம்பளம் இல்லையே என்பது அவர் குறை. இதன்பொருட்டு அவர்களுடைய சங்கத்தினர் 2011 ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் வேலைநிறுத்தஞ் செய்தனர். பத்து நாள்களின் பின் அது முடிவுற்றது. இணைப்பினால் விளைந்த பிணக்குகளை ஆராய இளைப்பாறிய உச்ச நீதிமன்ற நீதியரசர் டி. எம். தர்மாதிகாரி தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டது. அக்குழுவின் அறிக்கை 2012 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியிற் கிடைத்தது. இணைப்பு நிகழ்ந்து நான்காண்டுகள் கடந்த பின்னரே இணைக்கும் முறை ஆராயப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்துக் கிளர்ந்தோர் பழைய எயர் இந்தியா விமானிகளாவர். இணைப்புக்கு முன்னர் அந்நிறுவனம் 27 போயிங் 787 டிரீம்லைனர் விமானங்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தது. பல்லாண்டுகளாகத் துணை விமானிகளாகக் காத்திருந்தோர், அவ்விமானங்கள் வந்ததும் தாம் கப்டன்களாவோம் என்று நம்பியிருந்தனர். அவற்றை ஓட்டும் பயிற்சி பழைய இந்தியன் எயர்லைன்ஸ் விமானிகளுக்கும் வழங்கப்படும் என்று அறிந்தபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. மறுபக்கத்தாரோ, அரசின் பணத்தால் வாங்கப்படும் விமானங்கள் இணைந்த கொம்பனிக்கே உரியன, அவற்றினின்று எம்மை விலக்குதல் எங்ஙனம் தகும் என்றனர். 2012 ஆம் ஆண்டு மே மாத முற்பகுதியில் பழைய எயர் இந்தியா விமானிகள் கூட்டாகச் சுகவீன விடுமுறை அறிவித்தனர். டில்லி உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. நிருவாகம் அவர்கள் சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்கியதோடு பலரை வேலையினின்றும் விலக்கியது. வெளிநாட்டுப் பயணங்கள் பல கைவிடப்பட்டன. 58 நாள்களின் பின், ஜூலை தொடக்கத்திலேயே அவ்வேலைநிறுத்தம் முடிந்தது. முதலாவது டிரீம்லைனர் அவ்வாண்டு செப்டெம்பரில் இந்தியா வந்து சேர்ந்தபோது, அதனை வரவேற்றிருக்க வேண்டியோர் இரு பிரிவாகப் பிளவுண்டு கிடந்தனர்.

இவ்வழக்கிலும் இரு பக்கத்தாரையும் பழித்தல் எளிது. பயணிகளைத் தவிக்கவிட்டமையை எவரும் பாராட்டார். எனினும் அப்பிடிவாதத்தின் அடியில் கிடந்தது பேராசை மாத்திரமன்று. ஒரு பக்கத்தார் தம் முறை வருமென்று இளமையைக் காத்திருப்பிற் செலவிட்டோர். மற்றைப் பக்கத்தார் ஒரே வீட்டினுள் அழைக்கப்பட்டும் திண்ணையில் இருத்தப்பட்டதாக உணர்ந்தோர். எயர் இந்தியா 2022 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆந் திகதி மீண்டும் தாத்தா குழுமத்தின் வசமாயிற்று. அக்குழுமத்தின் மற்றொரு நிறுவனமாகிய விஸ்தாரா 2024 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆந் திகதி அதனுடன் இணைக்கப்பட்டது. அவ்விணைப்புக்கு முன்னரும், அவ்வாண்டு ஏப்பிரலில், புதிய சம்பள முறையை விரும்பாத விமானிகள் பலர் வேலைக்கு வாராமையால் விஸ்தாராவின் பயணங்கள் குறைக்கப்பட்டன. உடைமையாளர் மாறினும் வினா மாறவில்லை.

அமெரிக்க வழக்குகள்

நிறுவன இணைப்புகள் மலிந்த அமெரிக்காவில் இப்பிணக்கு நெடிய வரலாறுடையது. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்கன் எயர்லைன்ஸ், நொடித்துப்போன டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானங்களில் பயணிகளைக் கவனித்த ஊழியர் அனைவரும், பல பத்தாண்டு சேவையுள்ளோர் உட்பட, அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டனர். விமானிகளிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அந்நிலையே நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆந் திகதிப் பேரழிவின் பின் ஆட்குறைப்பு வந்தது. 2003 ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் அவ்வூழியர் அனைவரும் வேலையிழந்தனர். அவர்களுட் பலர் வாழ்ந்த மிசூரி மாநிலத்தின் செனற் உறுப்பினர் இருவர், மக்காஸ்கில், பொண்ட் என்போர், வெவ்வேறு கட்சியினராயினும் ஒன்றுபட்டு 2007 ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை நிறைவேறச் செய்தனர். இணையும் நிறுவனங்களின் பட்டியல்கள் நியாயமான முறையில் ஒன்றாக்கப்படல் வேண்டும், உடன்பாடு காணாவிடின் நடுத்தீர்ப்புக்கு விடல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரமாகும்.

இன்னொரு வழக்கு, நடுத்தீர்ப்பு மாத்திரம் போதாது என்பதைக் காட்டுகின்றது. 2005 ஆம் ஆண்டு செப்டெம்பரில் யூ.எஸ். எயர்வேய்ஸ், அமெரிக்கா வெஸ்ட் என்னும் நிறுவனங்கள் இணைந்தன. முன்னையது பழையது, பெரியது. ஆயின் இருமுறை முறிவடைந்து நின்றது. பின்னையது இளையது, விமானிகளும் இளையோர். முன்னையதன் விமானிகள் கிழக்கர் எனவும் பின்னையதன் விமானிகள் மேற்கர் எனவும் அழைக்கப்பட்டனர். கிழக்கர் திகதிமுறையை வேண்டினர்; மேற்கர் விகிதமுறையை வேண்டினர். ஜோர்ஜ் நிக்கொலாவ் என்னும் நடுத்தீர்ப்பாளர் 2007 ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்தார். கிழக்கரில் ஏறத்தாழ 500 மூத்த விமானிகளை முதலிடத்தில் வைத்தார். வேலையின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த கிழக்கரைக் கடைசியில் வைத்தார். ஏனையோரை விகிதப்படி கலந்தார். விளைவாக, 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவையுள்ள கிழக்கர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் சேர்ந்த மேற்கர் ஒருவரின் கீழ் நிற்க நேர்ந்தது. இணைப்பு நேராதிருப்பின் வேலையற்றிருந்த அக்கிழக்கருக்கு எதிர்பார்க்கத்தக்க பதவி ஒன்றும் இருந்திராது என்பதே அத்தீர்ப்பின் நியாயம்.

எண்ணிக்கையில் மிக்க கிழக்கர் அதனை ஏற்கவில்லை. இரு பக்கத்தாரையும் உள்ளடக்கிய பழைய சங்கத்தை 2008 ஆம் ஆண்டில் வாக்கெடுப்பால் நீக்கித் திகதிமுறையையே கொள்கையாகக் கொண்ட புதிய சங்கமொன்றை அமைத்தனர். மேற்கர் நீதிமன்றம் ஏகினர். 2009 ஆம் ஆண்டில் யூரர் மேற்கருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், பட்டியல் இன்னும் முடிவாகாமையால் வழக்குத் தொடுக்குங் காலம் வரவில்லை என அதனை நீக்கியது. 2015 ஆம் ஆண்டில் அந்நீதிமன்றமே, புதிய சங்கம் மேற்கரை நேர்மையாகப் பிரதிநிதித்துவஞ் செய்யவில்லை என முடிவு செய்தது. இதனிடையே 2013 ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறுவனம் அமெரிக்கன் எயர்லைன்சுடன் இணைந்தது. மூன்று தரப்பினரும் அடங்கிய ஒரே பட்டியல் 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே வெளிவந்தது.

பதினோராண்டுகள்! இணைப்பின்போது ஐம்பத்து நான்கு வயதினராயிருந்த விமானி, பட்டியல் வந்தபோது அறுபத்தைந்தை எட்டி இளைப்பாறிவிட்டார். அவ்வாண்டுகளிற் பெரும்பாலும் கிழக்கரும் மேற்கரும் ஒரே கொம்பனியின் பெயரைத் தாங்கியும் ஒரே விமானத்திற் கலந்து பறக்கவில்லை. கூட்டு உடன்படிக்கை ஏற்படாமையால் கிழக்கர் முறிவுக் காலத்துக் குறைந்த சம்பளத்திலேயே நெடுங்காலம் நின்றனர். இலக்கத்தைக் காக்கும் போரில் ஊதியத்தை இழந்தனர். இழந்த ஊதியத்தை எந்தப் பட்டியலும் மீட்டுத் தரவில்லை.

இதற்கு மாறாக, 2008 ஆம் ஆண்டில் டெல்டா, நோர்த்வெஸ்ட் என்னும் பெரு நிறுவனங்கள் இணைந்தபோது, இணைப்பு நிறைவேறுமுன்னரே இரு பக்கத்து விமானிகளும் பொதுவான சம்பள உடன்படிக்கைக்கு இசைந்தனர். பட்டியலை உடன்பாட்டால் முடிக்க இயலவில்லை. ஆயினும் அதனை முடிக்கும் வழியில் உடன்பட்டிருந்தனர். இணைப்பு ஒக்டோபரில் நிறைவேறியது. நடுத்தீர்ப்பாளர் டிசெம்பரில் விகிதமுறையைத் தழுவி, பெரு விமானங்களுக்குக் கால எல்லையுள்ள வேலி அமைத்துத் தீர்ப்பளித்தனர். அதனால் வருந்தியோர் இரு பக்கத்திலும் இருந்தனர். எனினும் நிறுவனம் பிளவுபடவில்லை.

பெரஹரா காட்டும் முறை

முன்பின் வகுத்தல் பற்றிய வினாவைக் கண்டி நகரம் நெடுங்காலத்துக்கு முன்னரே எதிர்கொண்டு விடைகண்டுள்ளது. எசல மாதத்துப் பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலம் முதலிற் செல்லும். அதன்பின் நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காம தேவாலயம், பத்தினி தேவாலயம் என்பவற்றின் ஊர்வலங்கள் முறையே செல்லும். ஐந்து ஊர்வலங்கள் ஓர் ஊர்வலமாக நடப்பதால் இதுவும் ஓர் இணைப்பே. முன்னாளில் இப்பெரஹரா தேவாலயங்களின் விழாவாகவே இருந்தது என்றும், சீயத்திலிருந்து 1753 ஆம் ஆண்டில் உபாலி தேரர் முதலியோர் வந்தபின், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் தலதாவின் ஊர்வலத்தை முன்னே செல்லுமாறு பணித்தான் என்றும் வரலாறு கூறும். மதுரை நாயக்கர் வழித்தோன்றலாகிய அம்மன்னன் 1747 முதல் 1782 வரை ஆண்டவன்.

இங்குத் திகதிமுறை பின்பற்றப்படவில்லை. பின்வந்தது முன்னே சென்றது. எனினும் தேவாலயங்கள் ஊர்வலத்தினின்றும் நீக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தன் யானையும், தன் நிலமேயும், தன் கலைஞரும், மாறாத ஓரிடமும் உண்டு. முறை யாவரும் ஏற்ற ஓர் அதிகாரத்தினால் வகுக்கப்பட்டது, விழா தொடங்குமுன் யாவர்க்கும் தெரிந்திருந்தது, ஆண்டுதோறும் மாற்றப்படவில்லை. ஆதலின் வீதியில் இறங்கியபின் எவர் முன், எவர் பின் என்ற வழக்கு எழுவதில்லை. மன்னன் காலத்து முறையை இன்றைய தொழில் நிறுவனங்களுக்கு அப்படியே பொருத்துதல் இயலாதாயினும், இம்மூன்று இயல்புகளும் எக்காலத்துக்கும் பொருந்துவனவே.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், இணைப்பின்போது எல்லார்க்கும் முழு நியாயம் வழங்கும் பட்டியல் ஒன்று இல்லை என்பதே. கழிந்த உழைப்பை அளக்குங் கோலும் வருங்கால எதிர்பார்ப்பை அளக்குங் கோலும் ஒன்றல்ல. ஒன்றைக் கொள்ளின் மற்றதற்கு ஊறு நேரும். ஆயின் பொறுக்கத்தக்க பட்டியல் ஒன்றை ஆக்குதல் இயலும். அது கொம்பனிகளை இணைக்குமுன் ஆட்களை இணைக்கும் வழியை வகுத்தலாலும், இரு பக்கத்தும் சேராத நடுவரிடம் வழக்கை விடுதலாலும், அவர் கூறியதைப் பெரும்பான்மை பலத்தால் புறக்கணியாமையாலும், பதவியிறங்குவோர்க்கு வேலி முதலிய பாதுகாப்பை அளித்தலாலும் கைகூடும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தமை, அது தானாகத் தோன்றும் குணமன்று, முயன்று பேணவேண்டியது என்பதை அறிந்தமையாலன்றோ?

காலமும் நியாயத்தின் ஒரு கூறாகும். 2011 இலும் 2012 இலும் இந்தியாவிலே வேலைநிறுத்தஞ் செய்த விமானிகள் கேட்ட வினாக்கள் 2007 இலேயே கேட்கப்பட்டு விடை பெற்றிருக்க வேண்டியவை. அமெரிக்கக் கிழக்கரும் மேற்கரும் 2016 இற் பெற்ற பட்டியலை, குறைகளுடனேனும் 2007 இற் பெற்றிருப்பின் இருசாராரும் நலமுற்றிருப்பர். நெடுங்காலம் தாழ்த்திய நல்ல தீர்ப்பினும் காலத்தில் வந்த நடுத்தரமான தீர்ப்பு உழைப்பவனுக்குப் பயன் தருவதாகும். அவனது வாழ்நாள் தீர்ப்புக்காகக் காத்து நிற்பதில்லை.

இலங்கையிலும் மிஹின் லங்கா 2016 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் சேவையை நிறுத்த, அதன் பணிகள் ஸ்ரீலங்கன் நிறுவனத்திடம் சென்றன. அரசு நிறுவனங்களை ஒன்றாக்குவது பற்றியும் பிரிப்பது பற்றியும் நாட்டிற் பேச்சு ஓய்ந்ததில்லை. அவ்வாறு பேசுவோர் சொத்தையும் கடனையும் கணக்கிடுகின்றனர். கட்டடங்களையும் வாகனங்களையும் எண்ணுகின்றனர். எவரும் எளிதில் எண்ணாத சொத்து ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊழியனும் தன் இடத்தைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கையே அது. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்களுட் சிலர் நாளை அத்தகைய பட்டியல்களில் இடம் பெறுவர். சிலர் அவற்றை வகுக்கும் அதிகாரமும் பெறுவர். விமானத்தின் முன்னறையில் அருகருகே அமர்ந்த இருவர் ஒருவரையொருவர் நம்பினாலன்றிப் பயணம் நன்கு நிறைவேறாது. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் அடுத்தடுத்து நிற்போர்க்கும் இஃது ஒக்கும்.